ராத்தாவுக்கு ஐம்பது வயது



என் பெரியம்மாவின் மகளுக்கு, நான் ‘ராத்தா’ என்று அழைப்பவருக்கு, 2025 மார்ச் மாதத்தில் ஐம்பது வயது நிறைந்தது. துபையில் வேலை பார்க்கும் அவருடைய மகன் அந்த நாளைச் சிறப்பாகக் கொண்டாட வேண்டும் என்று தொலைபேசியில் ஆசையோடு கூறினான். “நோன்பு மாசத்துல கேக்கும் மெழுகுவர்த்தியுமா? எனக்கு வயசாயிடுச்சுன்னு ஊருக்கே தெரியணுமா?” என்று ராத்தா ஒரே பேச்சில் அதை முடித்துவிட்டார். அருகில் இருந்த நான், “அப்படியானால் நான் பத்திரிகையில் எழுதிவிடுகிறேன்” என்றேன். சிரித்துக்கொண்டே, “எழுது, பேரை மட்டும் போட்டுடாதே” என்றார். ஆகவேதான் இக்கட்டுரையில் எவர் பெயரும் இல்லை. ஊர்ப் பெயரும் இல்லை.

‘மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருத்தி பிறந்த நாள் வாழ்த்து எழுதலாமா?’ என்று உங்களில் சிலர் புருவம் உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. என்னிடம் ஓதும் பிள்ளைகளே கேட்பார்கள். விளக்கேற்றி அணைப்பதையும் விருந்து வைத்து விளம்பரம் செய்வதையும் நானும் அவர்களிடம் தடுத்தே வந்திருக்கிறேன். ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்களிடம் திங்கட்கிழமை நோன்பைப் பற்றி வினவப்பட்டபோது, தாம் பிறந்ததும் தமக்கு வஹீ அருளப்பட்டதும் அந்த நாளில்தான் என்று விடையளித்ததாக முஸ்லிம் நூலில் நபிமொழி இருக்கின்றது. பிறந்த நாளை நினைவுகூர்ந்து அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்த ஒரு நோன்பு! அதற்குமேல் இவ்விஷயத்தில் வாதம் செய்ய நான் வரவில்லை. அதற்கு ஆலிம் பெருமக்கள் இருக்கிறார்கள். ராத்தாவின் ஐம்பதாம் வயது ரமளானின் நடுவில் வந்ததால் நோன்பு தானாகவே அமைந்துவிட்டது. எஞ்சியது நன்றி செலுத்துவது. அதில் ஒரு பகுதி நான் செலுத்த வேண்டியது.

சான்றிதழிலும் சரித்திரத்திலும்

ராத்தாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் 1 என்று இருக்கும். அந்தக் காலத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்தவர்களுக்குத் தேதி தெரியாவிட்டால், தலைமையாசிரியர் தம் விருப்பப்படி ஜூன் மாதத்தில் ஒரு நாளை எழுதிவிடுவார். நம்மில் எத்தனை பேர் ஜூன் மாதத்தில் ‘பிறந்தவர்கள்’ என்று உங்கள் வீட்டுப் பழைய சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள், புரியும்!

உண்மைத் தேதி எங்கள் உம்மும்மாவின் நினைவில் இருந்தது. உம்மாவின் உம்மாவான அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் பிறைக் கணக்கில் ஒரு நாள் பிசகமாட்டார். ரபீஉல் அவ்வலில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாட்கள் சுப்ஹான மௌலிது ஓதுவது வழக்கம். அதில் ஐந்தாம் நாள் ஓதல் முடிந்து நார்சாவைப் பங்கிட்டுக்கொண்டிருந்தபோது பெரியம்மாவுக்கு வலி கண்டது. நள்ளிரவுக்கு முன் ராத்தா பிறந்தார். அது ஹிஜ்ரி 1395. ஆங்கிலக் கணக்கில் 1975 மார்ச். பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாட்கள் குறைவு என்பதால், பிறைக் கணக்கில் ராத்தாவுக்கு இப்போது ஐம்பத்தொன்றரை. இதை நான் அவரிடம் சொன்னபோது, “ஒன்றரை வருஷத்தை எதுக்குக் கூட்டுறே?” என்று கோபித்துக்கொண்டார்.

நான் அவருக்கு நான்கு வயது இளையவள்.

ஒரு வீடும் இரு பெண்மக்களும்

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. திருமணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய்க்குப் பின் அவ்வீடு பெண்மக்களுக்கே போய்ச் சேரும். கணவன் கடல் கடந்து வாணிபம் செய்யப் போனாலும், திரும்பாமலே போனாலும், பெண்ணை நடுத்தெருவில் நிறுத்த எவராலும் முடியாது என்பது இந்த வழக்கத்தின் பெரிய நன்மை. அதன் இடர்ப்பாட்டையும் மறைக்கக் கூடாது. பெண்மக்கள் இருவரென்றால் வீடு இரண்டாகும், நால்வரென்றால் நான்காகும். முற்றமும் தாழ்வாரமுமாக நீண்டு கிடந்த வீடுகள் மூன்று தலைமுறையில் ரயில்பெட்டிகள் போல ஆகிவிட்டதை எங்கள் பகுதியில் தெருத்தெருவாகக் காணலாம்.

உம்மும்மாவுக்குப் பெண்மக்கள் இருவர். பெரியம்மாவும் என் உம்மாவும். எனவே ராத்தாவும் நானும் ஒரே கூரையின் கீழ், ஒரே முற்றத்தில், ஒரே கிணற்று நீரில் வளர்ந்தோம். ஆனால் தோழிகளாக இருந்தோம் என்று சொல்லமாட்டேன். அவர் மூத்தவர், கண்டிப்பானவர். நான் அவருக்கு அஞ்சியவள். அலிஃப், பே எனக்கு முதலில் கற்றுத் தந்தவர் அவரே. நான் உறங்கினால் இடி விழுந்தாலும் எழாதவள். சஹர் நேரத்தில் என்னை எழுப்பும் பொறுப்பை உம்மா அவரிடமே விட்டிருந்தார். கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழுப்பு; அதற்கும் அசையாவிட்டால் முகத்தில் கிணற்று நீர்!

1994ல் அவருக்குத் திருமணம். 1999ல் உம்மும்மா வஃபாத்தானார்கள். மறு ஆண்டு எனக்குத் திருமணம்.

உம்மும்மா தம் வாழ்நாளிலேயே வீட்டை ஹிபாவாகக் கொடுத்திருந்தார். சாட்சிகளை வைத்து வாய்மொழியாகத்தான்: கிழக்குப் பாதி மூத்தவளுக்கு, மேற்குப் பாதி இளையவளுக்கு. உறவுகள் ஒற்றுமையாக இருந்த நாளில் பாதி என்றால் எங்கிருந்து எங்கு வரை என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. திண்ணையைச் சேர்த்து அளந்தால் கிணறு எங்கள் பக்கம். திண்ணையை விட்டு அளந்தால் கிணறு அவர்கள் பக்கம். வித்தியாசம் மூன்றடி. வாசகச் சகோதரிகளே, அந்த மூன்றடிக்காக நாங்கள் ஒரு வருடம் சண்டையிட்டோம்.

2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜமாஅத் பெரியவர்கள் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். கிணறு பெரியம்மா பக்கம் போனது. அவர்கள் தீர்ப்பில் குறையில்லை என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று ஒப்பவில்லை. பெரியவர்கள் எழுந்து போனபின், முற்றத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருக்கையில், நான் ராத்தாவைப் பார்த்து ஒரு சொல் சொன்னேன்.

அவருடைய கணவர் சவூதிக்குப் போய் அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை கொடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டதால் அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. கடிதம் வரும், சில மாதங்கள் வராது. ஊரில் பலரும் பலவிதமாகப் பேசினார்கள். எனக்கு உண்மை தெரியும். தெரிந்திருந்தும், “மாப்பிள்ளையே திரும்பி வராத வீட்டுக்கு இவ்வளவு அகலம் எதற்கு?” என்று கேட்டேன்.

ராத்தா பதில் சொல்லவில்லை. தம் பிள்ளைகள் இருவரையும் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனார். ஒரு மாதத்தில் முற்றத்தின் குறுக்கே சுவர் எழும்பியது.

சுவரின் இரு புறமும்

ஏழாண்டுகள் நாங்கள் பேசவில்லை.

ஒன்பது அங்குலச் சுவர் எதையும் மறைப்பதில்லை என்பதை அதன் அருகில் வாழ்ந்தவர்களே அறிவார்கள். அந்தப் பக்கம் உலை கொதிப்பது இந்தப் பக்கம் கேட்கும். அவர் பிள்ளை இருமினால் நான் விழிப்பேன். வட்டலாப்பம் அவிக்கும் நாளில் தேங்காய்ப்பாலும் ஏலமும் மணக்கும். இந்தப் பக்கம் என் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள். பெண்கள் நடமாட எங்கள் ஊரில் வீடுகளின் பின்புறமாகக் குறுகலான முடுக்குகள் உண்டு. அந்த முடுக்கில் எதிரெதிரே வந்துவிட்டால் நாங்கள் இருவரும் சுவரோடு ஒட்டி, துப்பட்டியை இழுத்துக்கொண்டு, முகம் பாராமல் கடப்போம். என் உம்மாவும் பெரியம்மாவும் கூடப் பிறந்தவர்கள். அவர்களோ எங்களுக்கு அஞ்சி, கல்யாண வீடுகளிலும் மௌத் வீடுகளிலும் மட்டுமே பேசிக்கொண்டார்கள். இதை எழுதும்போது என் கை கூசுகிறது.

ராத்தாவின் கணவர் 2004ல் அல்லாஹ்வின் அருளால் நலமாகத் திரும்பினார். ஊரே போய் விசாரித்து வந்தது. நான் போகவில்லை, எந்த முகத்தோடு போவது?

மற்றொன்றும் நடந்தது. நான் மதரஸாவில் ஓதிக் கொடுக்கத் தொடங்கியபின், ராத்தா தம் மகளை என் வகுப்புக்கே அனுப்பினார். ஊரில் வேறு ஓதுமிடங்கள் இல்லாமல் இல்லை. நாள்தோறும் அந்தப் பிள்ளை முடுக்கு வழியாக வந்து, “அஸ்ஸலாமு அலைக்கும் சாச்சி” என்று சொல்லி முன் வரிசையில் அமரும். வீட்டில் என்னைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் அதன் காதில் விழுந்ததில்லை என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது. இதை நான் ராத்தாவின் பெருந்தன்மை என்று அன்று எண்ணவில்லை. ‘பெருமை காட்டுகிறார்’ என்று எண்ணினேன். மனம் கோணிவிட்டால் நன்மையும் கோணலாகத்தான் தெரிகிறது.

இன்னொரு குறையும் எனக்கு இருந்தது. ரமளான் வந்துவிட்டால் அதிகாலை மூன்றரை மணிக்கு அந்தப் பக்கம் சுவரை ஒட்டினாற்போல உரல் இடிக்கும் ஓசை எழும். ‘தும் தும்’ என்று பத்துப் பதினைந்து இடி; பிறகு நின்றுவிடும். சஹர் நேரத்தில் அப்படி என்ன இடிக்கிறார்கள் என்று நான் என் கணவரிடம் ஒவ்வோர் ஆண்டும் முறையிடுவேன். அவர், “எப்படியோ, நீ எழுந்துகொள்கிறாயே” என்பார்.

ஒரு பிள்ளையின் கேள்வி

2009ஆம் ஆண்டு, ஷஅபான் மாதம். வகுப்பில் ஸீரா பாடம். மக்கா வெற்றிக்குமுன் நடந்த ஒரு நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தேன். அபூ ஸுஃப்யான் என்றதும் நமக்கெல்லாம் குறைஷித் தலைவர் அபூ ஸுஃப்யான் இப்னு ஹர்பின் நினைவே வரும். நான் சொன்னது வேறொருவர்: அபூ ஸுஃப்யான் இப்னுல் ஹாரிஸ் (ரலி). பெருமானார் (ஸல்) அவர்களுடைய பெரிய தந்தை ஹாரிஸின் மகன். ஹலீமா நாயகியிடம் பால் குடித்த வகையில் பால்குடிச் சகோதரரும் ஆவார். நபித்துவத்துக்கு முன்பு இருவருக்கும் மிகுந்த நெருக்கம். நபித்துவம் வந்ததும் அந்த நெருக்கமே பகையாயிற்று. அவர் கவிஞர். தம் கவித்திறனையெல்லாம் தம் சிறிய தந்தையின் மகனை இகழ்வதற்கே செலவிட்டார். நபியவர்களின் தரப்பில் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவருக்குக் கவிதையாலேயே பதிலளிக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள்! அந்நியன் வசைபாடினால் அது வெறும் வசை. கூட வளர்ந்தவன் பாடினால் எங்கே குத்தினால் வலிக்கும் என்று அறிந்து பாடியதாகும்.

ஹிஜ்ரி 8ல் பெருமானார் (ஸல்) அவர்கள் படையுடன் மக்காவை நோக்கி வருகையில், இவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வழியிலேயே வந்து சந்திக்க நின்றார். நபியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உடன் வந்தவர் மற்றோர் உறவினர். நபியவர்களின் அத்தை மகன். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் இருவருக்காகவும் பரிந்து பேசினார்கள். அப்போதும், தம் மானத்தைக் கிழித்தவர் அவர் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். நம் பெருமானாருக்கும் வலித்திருக்கிறது, சகோதரிகளே! மன்னிப்பதில் நிகரற்றவர்கள்தாம், ஆயினும் அந்த வலியை இல்லையென்று மறைக்கவில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் இந்தச் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு பசியாலும் தாகத்தாலும் சாகும்வரை பாலையில் அலைவேன் என்று அபூ ஸுஃப்யான் கதறிய செய்தி எட்டியபோதுதான் நபியவர்களின் உள்ளம் இளகியது.

அப்போது அலீ (ரலி) அவர்கள் அவருக்கு ஓர் ஆலோசனை சொன்னதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அலீயும் இருவருக்கும் தந்தைவழிச் சகோதரர்தாமே. குடும்பத்து மனம் அறிந்தவர். “நபியவர்களின் முகத்துக்கு நேரே செல்லுங்கள், யூஸுஃப் நபியின் சகோதரர்கள் யூஸுஃபிடம் தங்கள் தவற்றை ஒப்புக்கொண்டு சொன்னதையே சொல்லுங்கள், அதைவிட அழகிய மறுமொழியை இன்னொருவர் சொல்லிவிட்டுப் போக அவர்கள் விடமாட்டார்கள்” என்பது அதன் கருத்து. அவ்வாறே அவர் போய் நின்றார். இன்று உங்கள்மீது பழிப்பேதுமில்லை என்று யூஸுஃப் (அலை) கூறிய மறுமொழியையே பெருமானாரும் கூறினார்கள்.

இதுவரை நான் நடத்தியதும் முன் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. ராத்தாவின் மகள். பன்னிரண்டு வயது.

“சாச்சி, இருபது வருஷம் பேசாம இருந்தாங்களே, மூணு நாளைக்கு மேல பேசாம இருக்கக் கூடாதுன்னு போன வாரம் நீங்க சொன்னீங்களே?”

நான் சொன்னது உண்மைதான். ஒரு முஸ்லிம் தம் சகோதரரை மூன்று நாட்களுக்குமேல் ஒதுக்கி வைத்தல் ஆகாது, இருவரில் சிறந்தவர் ஸலாமில் முந்திக்கொள்பவரே என்ற நபிமொழியை எழுத வைத்து, மனனம் செய்யவும் வைத்திருந்தேன். அந்தப் பிள்ளை என்னைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை, அதற்குச் சந்தேகம். “அவர் அப்போது முஸ்லிமாகவில்லை” என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வகுப்பு முடிந்தது. மற்றப் பிள்ளைகள் போனபின்னும் அது போகவில்லை.

“சாச்சி, இந்த நோன்புக்கும் உம்மா உரல் இடிப்பாங்க. உங்களுக்குத் தூக்கம் கெடுதுன்னு தங்கச்சி சொன்னா.” தங்கச்சி என்றது என் மகளை.

“பரவாயில்லை. அப்படி என்னதான் இடிக்கிறாங்க?”

“ஒண்ணுமில்ல சாச்சி. வெறும் உரல்தான். நீங்க எந்திரிக்க மாட்டீங்கன்னு இடிப்பாங்க. உங்க அடுப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திருவாங்க.”

முன்வாசல்

அன்று அஸருக்குப் பின் கிளம்பினேன். வழக்கம்போல முடுக்கில் இறங்கிவிட்டேன். பாதி வழியில் நின்றேன். பின்வழியாகப் போய்ப் பேசிவிட்டு, யாரும் அறியாமல் திரும்புவது எளிது. சொன்ன சொல்லை முற்றத்தில் பத்துப் பேர் முன்னிலையில் அல்லவா சொன்னேன்? முகத்துக்கு நேரே செல்லுங்கள் என்ற அலீ (ரலி) அவர்களின் ஆலோசனையைப் பிள்ளைகளுக்குச் சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து, துப்பட்டி போட்டுக்கொண்டு, தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போனேன். ஏழு வருடங்களாக மிதிக்காத படி. எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றேன்.

கதவைத் திறந்தது ராத்தாவே. யூஸுஃப் நபியின் சகோதரர்கள் சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று மனத்துக்குள் ஓதிக்கொண்டே போயிருந்தேன். ஒரு எழுத்தும் வரவில்லை. “ராத்தா, நான் அன்னைக்குச் சொன்னது…” என்றேன். மேலே பேச முடியவில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “தெருவுல நின்னு அழாதே. உள்ளே வா, உலை பொங்குது” என்றார்.

அவர் அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவில்லை என்பதையும் எழுத வேண்டும். அடுப்பை இறக்கி வைத்துவிட்டு, என் எதிரே பலகையில் அமர்ந்து, நிதானமாகச் சொன்னார்: “வலிச்சுச்சு தங்கச்சி. அவங்க வர்ற வரைக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அந்தச் சொல்லுதான் காதுல கேட்டுச்சு. ஊரு சொல்லியிருந்தா எனக்கென்ன? நீ சொன்னே.” நான் அவர் கையைப் பற்றினேன். விடுவித்துக்கொள்ளவில்லை. “அவங்க வந்து இறங்குன அன்னைக்கே உன்னை மன்னிச்சுட்டேன். நீ வருவேன்னுதான் அஞ்சு வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்” என்றார்.

தமக்கு நன்மை செய்த உறவினருக்குப் பதில் நன்மை செய்பவர் உறவைப் பேணியவர் ஆகமாட்டார், உறவு அறுக்கப்பட்ட பின்னும் அதைச் சேர்ப்பவரே பேணியவர் என்ற கருத்தில் புகாரி நூலில் ஒரு நபிமொழி உண்டு. எத்தனையோ முறை அதை நடத்தியிருக்கிறேன். அன்று அந்த அடுப்படியில்தான் அது எனக்குப் பாடமாயிற்று.

அதன் பின்னர்

தோழமை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அதுவரை இருந்தது உறவு மட்டுமே. உறவை அல்லாஹ் தந்துவிடுகிறான். நாம் கேட்டுப் பெறுவதில்லை. முப்பது வயதுக்குமேல் இரு பெண்கள், இருவருக்கும் கணவர், பிள்ளைகள், வயதான தாய்மார் என்று ஆயிரம் வேலைகள் இருக்கையில், வலியத் தோழிகளாவது அத்தனை இயல்பான காரியமன்று. எங்களுக்கு அது வாய்த்தது. நான் பாதியில் நிறுத்தியிருந்த பி.ஏ. படிப்பை அஞ்சல் வழியில் முடிக்க வைத்தவர் ராத்தா. ஐந்தாம் வகுப்போடு நின்ற அவர், ‘முகலாயர் வந்தாச்சா? மராட்டியர் வந்தாச்சா?’ என்று இரவில் பாடம் கேட்பார். தேர்வு நாட்களில் என் பிள்ளைகளுக்கும் சேர்த்து அவர் வீட்டிலேதான் உலை வைத்தார். கோபக்காரர் என்பது மாறவில்லை. என் மூத்த மகளின் திருமணத்தில் கடன் வாங்கி நகை போடப் பார்த்தேன் என்று பதினைந்து நாட்கள் என்னைத் திட்டித் தீர்த்தார். பேசாமல் இருக்கவில்லை, பேசித் திட்டினார்! இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நாங்கள் விலை கொடுத்துக் கற்றவர்கள்.

2018ல் என் உம்மா வஃபாத்தானபோது குளிப்பாட்ட முன்வந்தவர் ராத்தா. நான் நீர் ஊற்ற, அவர் குளிப்பாட்டினார். தம் கைகளால் கஃபனிட்டுவிட்டு, “சாச்சி கிணத்துத் தண்ணி போதும்னு சொல்லுவாங்க, குழாய்த் தண்ணி பிடிக்காது” என்றார். அந்தக் கிணற்றிலிருந்தே இறைத்திருந்தார். மூன்றடிக்குச் சண்டையிட்ட அதே கிணறு.

சுவரைச் சொல்லாமல் விட்டேனே! 2012ல் அதில் வழி திறந்தோம். சுவரை முழுதாக இடித்துவிடலாம் என்றேன் நான். ராத்தா இசையவில்லை: “எல்லை இருக்கட்டும். நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்குள்ள கணக்கு வந்தா அளந்த சுவர் இருக்கும். போக வர வழி மட்டும் போதும்.” அவர் சொன்னதே அறிவு. உம்மும்மா அளக்காமல் கொடுத்ததால் வந்த வினையை நாங்கள் பார்த்திருக்கிறோம் அல்லவா? வீட்டை ஹிபா செய்ய எண்ணும் வாசகர்கள் எவராயினும், அளந்து, எழுதி, எல்லை காட்டிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கொத்தனார் நிலை வைத்துவிட்டு, “கதவு எப்ப போடணும்?” என்று கேட்டார். “கதவு வேணாம், நிலை போதும்” என்றார் ராத்தா. இன்றுவரை கதவில்லை.

அபூ ஸுஃப்யான் இப்னுல் ஹாரிஸ் (ரலி) அவர்களின் மீதிக் கதையையும் அன்று நான் வகுப்பில் முடிக்கவில்லை, மறுநாள்தான் முடித்தேன். மக்கா வெற்றிக்குச் சில நாட்களிலேயே ஹுனைன் போர் வந்தது. பள்ளத்தாக்கில் பதுங்கியிருந்தவர்கள் திடீரென அம்பு மழை பொழிந்ததும் பெரும் படை கலைந்து ஓடியது. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் கோவேறு கழுதையின்மீது அசையாது நின்றார்கள். சுற்றி நிலைத்து நின்றவர்கள் சிலரே. அவர்களில் ஒருவர், அந்த வாகனத்தைப் பற்றிய கையை விடாமல் நின்றவர், இருபது ஆண்டுகள் வசைபாடிய இதே சகோதரர். வெட்கத்தால் நபியவர்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே மாட்டார் என்றும், ஹம்ஸாவின் இடத்தை இவர் நிரப்புவார் என்று தாம் நம்புவதாக நபியவர்கள் கூறினார்கள் என்றும் வரலாற்று நூல்களில் வருகிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் அவர் வஃபாத்தானார். தம் கப்ரைத் தாமே தோண்டி வைத்திருந்தாராம்.

ராத்தாவின் மகள் இன்று இரு குழந்தைகளுக்குத் தாய். அந்தக் கதையை அது தன் பிள்ளைகளுக்குச் சொல்வதை நான் நிலை வழியாகக் கேட்டிருக்கிறேன். உரல் பற்றிய பகுதியையும் நடுவில் சேர்த்தே சொல்கிறது. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

ஐம்பது நிறைந்த அன்று நோன்பு திறக்க நாங்கள் எல்லோரும் ராத்தா வீட்டு முற்றத்தில் கூடினோம். பள்ளிவாசல் கஞ்சி, இரண்டு வகை வடை, வட்டலாப்பம். மஃரிபுக்குப் பின் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான், கையில் பெரிய பெட்டி. மகன் கேட்கவில்லை, துபையிலிருந்தே கேக் சொல்லி அனுப்பிவிட்டான். ராத்தா பெட்டியைத் திறந்து பார்த்தார். அதன்மேல் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னார், படித்தேன். “ஐம்பதுன்னு எண்ணுல வேற போட்டிருக்கானா?” என்று கேட்டுவிட்டு, தராவீஹுக்கு வரும் பிள்ளைகளுக்குப் பங்கிடும்படி அப்படியே மதரஸாவுக்கு அனுப்பிவைத்தார். ஒரு துண்டு மட்டும் எடுத்து எனக்கு ஊட்டினார். தாம் உண்ணவில்லை, சர்க்கரை இருக்கிறது.

அன்றிரவு நெடுநேரம் பேசிவிட்டுப் படுத்தோம். என் கைப்பேசியில் சஹருக்கு மணி வைக்க வசதி இருக்கிறது. நான் வைப்பதில்லை. மூன்றரை மணிக்கு, திறந்து கிடக்கும் நிலையைத் தாண்டி நாலடி நடந்தால் என் கால் கட்டைவிரலை எட்டிவிடலாம் என்றிருந்தும், சுவரின் அந்தப் பக்கம் வெற்று உரல் ‘தும் தும்’ என்று இடித்தது. எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். ஓசை நின்றது.